பிரீமியம் ஏன் ஏறியது என்று எழுதித் தரச் சொல்லுங்கள்: காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,
ஹைதராபாத்.

என் தம்பிக்கு 56 வயது. பாபநாசத்தில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறான். 2025 ஜூன் மாதம் அவனுடைய ஹெல்த் இன்சூரன்ஸ் பிரீமியம் 22,600 ரூபாயிலிருந்து 31,900 ரூபாய் ஆனது. நூற்றுக்கு 41. ஏன் ஏறியது என்று அவனுக்கு வந்த நோட்டீஸில் ஒரு வரிகூட இல்லை. பழைய தொகையும் இல்லை. கட்ட வேண்டிய தொகை, கடைசி தேதி, பணம் கட்ட ஒரு லிங்க், அவ்வளவுதான். மகனுக்குக் காலேஜ் பீஸ் கட்டுகிற மாதம் அது. அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டான். 30 நாள் சலுகைக் காலமும் முடிந்து ஜூலை 5-ம் தேதி பாலிசி போய்விட்டது.

அக்டோபரில் ஒரு ராத்திரி 11 மணிக்கு நெஞ்சை அடைக்கிறது என்றான். தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். சேர்க்கும் இடத்தில் இருந்த பெண் தலை நிமிராமல், "இன்சூரன்ஸா, கேஷா?" என்று கேட்டாள். ஸ்ட்ரெச்சரில் கிடந்தவன் என் கையைப் பிடித்து, "அண்ணே, இந்த வருஷம் கட்டல" என்றான். ஒன்பது வருஷமாக ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டியவன், அதுவரை ஒரு கிளெய்ம்கூட எடுக்காதவன். ரெண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். பில் 2,86,000 ரூபாய். தம்பி சம்சாரத்தின் இரட்டை வடச் சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது.

தவணையை விட்டது அவன் தவறு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஏன் ஏறியது என்பதும், பாலிசியை விடாமல் குறைத்துக் கட்ட வழி இருக்கிறது என்பதும் அந்த நோட்டீஸிலேயே இருந்திருந்தால் அவன் விட்டிருக்க மாட்டான். அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் 36 வருஷம் கணக்கு எழுதியவன். இப்போது வயது 63. கணக்குத் தெரிந்தவன் என்பதால் எங்கள் தெருவில் யாருக்கு ரினியூவல் நோட்டீஸ் வந்தாலும் என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். இதை எழுதும்போது என் மேஜையில் அப்படிப்பட்ட நோட்டீஸ்கள் பதினொன்று இருக்கின்றன. 30 வயதுப் பையன் ஒருவர் 5 லட்சம் ரூபாய் பாலிசிக்கு 7,400 கட்டுகிறார். எதிர்வீட்டில் கணவன், மனைவி, ரெண்டு பிள்ளைகள், மூத்தவருக்கு 43, 10 லட்சத்துக்கு 23,800. தெருக்கோடியில் 68 வயதுத் தம்பதிக்கு அதே 10 லட்சத்துக்கு 81,000. பதினொரு நோட்டீஸிலும் தொகை வேறு வேறு. ஏன் இந்தத் தொகை என்று சொல்லாததில் மட்டும் பதினொன்றும் ஒன்றுபோல இருக்கின்றன.

என் சொந்தக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2012 டிசம்பரில் எனக்கும் என் மனைவிக்கும் சேர்த்து 5 லட்சத்துக்குப் பாலிசி எடுத்தேன். முதல் தவணை 9,870 ரூபாய். ரசீதுகளை எல்லாம் ஒரே பைலில் வைத்திருக்கிறேன். 2017-ல் 16,420. 2020-ல் 24,300. 2022-ல் 33,900. அதற்கு அடுத்த வருஷம், எனக்கு 61 பிறந்ததும், ஒரே தாவலில் 47,600. 2024-ல் 53,200. பதினான்கு தவணையில் மொத்தம் மூன்றரை லட்சம் கட்டியிருக்கிறேன். அதில் கடைசி மூன்று தவணை மட்டுமே ஒன்றரை லட்சம். இத்தனை வருஷத்தில் எடுத்தது ஒரே ஒரு கிளெய்ம், 2021-ல் மனைவியின் பித்தப்பை ஆபரேஷனுக்கு. கட்டிய பணம் திரும்பி வரவில்லையே என்பது என் குறை இல்லை. நூறு பேர் போட்டு, விழுந்த நாலு பேரைத் தூக்கிவிடுவதுதான் இன்சூரன்ஸ். நல்லபடியாக இருந்தவரை மற்றவர்களுக்காகக் கட்டினோம் என்பதில் எனக்குத் திருப்திதான். ஆனால் என் பி.எப். பென்ஷன் மாதம் 2,340 ரூபாய். வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் பிரீமியத்துக்குப் போதாது. பாக்கியை மகன் போடுகிறான்.

பிரீமியம் ஆளுக்கு ஆள் மாறுவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. வயது ஏற ஏற நோய் வரும். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பவரைச் சேர்க்கும்போது கூடுதலாக வாங்குவார்கள். குடும்பம் முழுக்க ஒரே பாலிசி என்றால் மூத்தவர் வயதை வைத்துத்தான் விலை. ரூம் வாடகைக்கு வரம்பு இல்லாத பாலிசி விலை கூடும். பில்லில் நூற்றுக்கு இருபது நான் கட்டிக்கொள்கிறேன் என்று ஒப்புக்கொண்டால் விலை குறையும். ஊரைப் பொறுத்தும் மாறும். சென்னைக்கு ஒரு விலை, கும்பகோணத்துக்கு ஒரு விலை. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் குறைந்த விலை ஊர்க்காரராகப் பாலிசி எடுத்திருந்தார். மனைவியின் புற்றுநோய்ச் சிகிச்சைக்குச் சென்னைக்குப் போன பிறகுதான், பெரிய ஊரில் வைத்தியம் பார்த்தால் ஒவ்வொரு பில்லிலும் 20 சதவீதம் பிடிப்பார்கள் என்பது அவருக்குத் தெரிந்தது. பாலிசிப் புத்தகத்தின் 31-ம் பக்கத்தில் அது இருந்தது என்னவோ உண்மை.

மருத்துவமனைச் செலவு ஏறுவதும் உண்மைதான். தம்பியின் பில்லை வரிவரியாகப் பார்த்தேன். ஸ்டென்டுக்கு உச்ச விலை இருக்கிறது. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு கொண்டுவந்தது. கேத் லேப் (ஸ்டென்ட் வைக்கும் அறை), தங்கும் அறை, டாக்டர் கட்டணம், கையுறை முதல் டியூப் வரை பொடிச் சாமான்கள், இவற்றுக்கு எந்த வரம்பும் இல்லை. மனைவியின் ஆபரேஷனுக்குப் போன இடத்தில் இன்சூரன்ஸ் என்றால் 1,10,000, கையில் கட்டினால் 80,000 என்று வாயாலேயே சொன்னார்கள். அந்த முப்பதாயிரமும் கடைசியில் எல்லாருடைய பிரீமியத்திலும்தான் வந்து விழும்.

ஆக, காரணங்கள் இருக்கின்றன. என்னுடைய ஏற்றத்தில் எந்தக் காரணத்துக்கு எவ்வளவு என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். தம்பியின் நோட்டீஸை எடுத்துக்கொண்டு, அந்தப் பாலிசியின் கட்டண அட்டவணையைத் தேடிப் பிடித்து, கால்குலேட்டரோடு ரெண்டு நாள் உட்கார்ந்தேன். அவனுக்கு 56 வயது ஆனதால் 51-55 வயதுப் படியிலிருந்து 56-60 வயதுப் படிக்கு ஏறியிருக்கிறான். அதற்கு மட்டும் 24 சதவீதம். மீதி கிட்டத்தட்ட 14 சதவீதம் அந்தப் பாலிசியில் இருக்கும் எல்லாருக்கும் கம்பெனி ஏற்றியது. ஒன்றின்மேல் ஒன்று ஏறி 41 ஆகிவிட்டது. அதே அட்டவணையில் இன்னொன்றும் இருந்தது. மருத்துவமனை பில்லில் முதல் 50,000 ரூபாயை நானே கட்டிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்திருந்தால் அவன் பிரீமியம் 25,000-க்குக் கீழே வந்திருக்கும். பாலிசி உயிரோடு இருந்திருக்கும். இதை அவனிடம் யாரும் சொல்லவில்லை. ஏஜென்ட் சொன்னதெல்லாம், "வயசு ஸ்லாப் மாறிடுச்சு சார், ஒண்ணும் பண்ண முடியாது" என்பதுதான்.

எங்கள் ஜவுளிக்கடையில் 200 ரூபாய்க்குத் துண்டு வாங்கினாலும் பில்லில் விலை, தள்ளுபடி, வரி மூன்றும் தனித்தனியாக இருக்கும். வரி எவ்வளவு என்று காட்டாமல் பில் போட்டால் எங்களுக்கு அபராதம் வரும். ஐம்பதாயிரம் ரூபாய் வாங்குகிற நிறுவனத்துக்கு அந்தக் கடமை ஏன் இல்லை?

2025 ஜனவரி 30 அன்று நீங்கள் ஒரு உத்தரவு போட்டீர்கள். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் பிரீமியம் ஏற்றுவதாக இருந்தால், நிறுவனங்கள் முன்கூட்டியே உங்களோடு கலந்துபேச வேண்டும். நல்ல உத்தரவு. அதனால் நேரடியாகப் பயன் அடைந்தவன் நான். ஆனால் எனக்குப் பெரிய தாவல் 61 வயதில் வந்தது, உங்கள் உத்தரவுக்கு முன்னால். தம்பிக்கு 56-ல் வந்தது, உத்தரவுக்குப் பின்னால். அவனுக்கு அது பொருந்தாது. 45-லிருந்து 60 வரைதான் பிள்ளைகள் படிப்பு, கல்யாணம், வீட்டுக் கடன் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். சர்க்கரையும் நெஞ்சுவலியும் தலைகாட்டுவதும் அப்போதுதான். அந்த வயதில் பாலிசியை விட்டவருக்கு, 60 தாண்டி உங்கள் பாதுகாப்புக்குள் வருவதற்குப் பாலிசியே இருக்காது.

அந்தப் 10 சதவீதமும் சின்னத் தொகை இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்று ஆனதும் எங்கள் வீட்டில் பெரிய சந்தோஷம். நான் 2024-ல் கட்டிய 53,200-ல் 8,115 ரூபாய் வரி. அது முழுக்கக் குறையும் என்று நினைத்தேன். டிசம்பர் ரினியூவலில் அடிப்படைத் தொகையை 45,085-லிருந்து 49,548-ஆக ஏற்றிவிட்டார்கள். ஏற்றம் 9.9 சதவீதம். உங்களைக் கேட்க வேண்டிய எல்லைக்கு ஒரு இழை உள்ளே. அரசு விட்டுக்கொடுத்த 8,115-ல் என் கையில் மிஞ்சியது 3,652. வருஷா வருஷம் இதே மாதிரி பத்துப் பத்தாக ஏறினால் எனக்கு 70 வயதாகும்போது 96,000 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும்.

நீங்களே ஒழுங்கு செய்து கொடுத்த ஒரு பாலிசி இருக்கிறது, ஆரோக்கிய சஞ்சீவனி. 2020 ஏப்ரலிலிருந்து எல்லா நிறுவனமும் விற்கிறது. யாரிடம் வாங்கினாலும் சரத்து ஒன்றே. ரூம் வாடகை காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், அதிகபட்சம் நாளுக்கு 5,000. பில்லில் 5 சதவீதம் நம் பங்கு. ஊருக்கு ஊர் விலை மாற்றக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறீர்கள். சரி, சரத்து ஒன்று என்றால் விலையை ஒப்பிடுவது சுலபம் என்று எங்கள் இருவருக்கும் 5 லட்சத்துக்கு மூன்று நிறுவனங்களில் கேட்டேன். 24,700, 31,050, 46,300. கடைசி நிறுவனத்தின் விலை முதல் நிறுவனத்தைப் போலக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அதே வயது, அதே ஊர், அதே சரத்து. இந்த வித்தியாசம் எங்கள் உடம்பிலிருந்து வரவில்லை. நிறுவனம் கிளெய்முக்கு எவ்வளவு கொடுக்கிறது, கமிஷனுக்கும் விளம்பரத்துக்கும் அலுவலகத்துக்கும் எவ்வளவு செலவழிக்கிறது, எவ்வளவு லாபம் வைக்கிறது என்பதிலிருந்துதான் வர முடியும்.

உங்கள் 2023-24 ஆண்டறிக்கைப்படி, மருத்துவக் காப்பீடு மட்டுமே செய்யும் தனி நிறுவனங்கள் நூறு ரூபாய் பிரீமியத்துக்குச் சுமார் 65 ரூபாய்தான் கிளெய்முக்குக் கொடுத்தன. பொதுத்துறை நிறுவனங்கள் நூறுக்கு மேலேயே கொடுத்தன. பொதுத்துறையில் குரூப் பாலிசிகள் (ஒரு கம்பெனி ஊழியர்கள் எல்லாருக்கும் சேர்த்து எடுப்பது போன்றவை) அதிகம், தனி நிறுவனங்களில் புதிதாகச் சேர்ந்த இளையவர்கள் அதிகம் என்பதால் ரெண்டையும் அப்படியே ஒப்பிடக்கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நூற்றுக்கு 35 வரை நிர்வாகச் செலவு செய்துகொள்ளலாம் என்று தனி நிறுவனங்களுக்கு அனுமதி கொடுத்திருப்பது உங்கள் விதிதான். பிரீமியம் ஏறும்போதெல்லாம் மருத்துவமனைகளைக் கைகாட்டுகிறார்கள். அந்த 35 ரூபாயைப் பற்றி எந்த நோட்டீஸும் பேசுவதில்லை.

பிடிக்கவில்லை என்றால் வேறு நிறுவனத்துக்கு மாறிக்கொள்ளலாமே என்று சொல்வீர்கள். 2011-லிருந்து அந்த உரிமை இருக்கிறது. ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் கிளெய்ம் கிடைக்கச் சில வருஷம் காத்திருக்க வேண்டும்; அந்தக் காத்திருப்புக் காலத்தில் கழித்த வருஷங்களையும் இழக்க வேண்டாம். என் பாலிசிப் புத்தகத்திலும் அது அச்சாகியிருக்கிறது. மாற விரும்புகிறவர் ரினியூவல் தேதிக்கு 45 நாள் முன்பாக விண்ணப்பிக்க வேண்டுமாம். என் ரினியூவல் தேதி டிசம்பர் 18. அதற்கு 45 நாள் முன்பு என்றால் நவம்பர் 3. புதுப் பிரீமியம் எவ்வளவு என்று எனக்குச் செய்தி வந்தது நவம்பர் 21. விலை தெரிவதற்கு 18 நாள் முன்பே மாறும் கெடு முடிந்துவிட்டது. என் மேஜையில் இருக்கும் பதினொன்றில் எட்டு நோட்டீஸ்கள் இப்படித்தான் வந்தவை. விலையே தெரியாமல் ஒருவர் எப்படி மாறுவார்?

நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். ஏற்றத்துக்கு விவரம் கேட்டு நான் தமிழில் எழுதிய கடிதத்துக்கு ஆங்கிலத்தில் ரெண்டு வரிப் பதில் வந்தது. விதிப்படி திருத்தப்பட்ட கட்டணம் என்று அதற்கு அர்த்தம். விவரம் இல்லை.

நீங்கள் நினைத்தால் முடியும் என்பதற்கு உங்கள் வேலையே சாட்சி. 2024-ல் காத்திருப்புக் காலத்தை நாலு வருஷத்திலிருந்து மூன்றாகக் குறைத்தீர்கள். கையில் பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் கேஷ்லெஸ் அனுமதியை ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் அனுமதியை மூன்று மணி நேரத்திலும் கொடுக்கச் சொன்னீர்கள். 65 வயதுக்கு மேல் சேர்க்க மாட்டோம் என்பதை எடுத்தீர்கள். ஆனால் விலையைச் சொல்லும் முறையில் யாரும் கை வைக்கவில்லை. அதற்காகத்தான் இந்தக் கோரிக்கைகள்.

ரினியூவல் நோட்டீஸில் போன வருஷத் தொகை, இந்த வருஷத் தொகை, வயதுப் படி மாறியதால் எவ்வளவு, எல்லாருக்கும் ஏற்றியதால் எவ்வளவு, ஊர் மண்டலத்தால் எவ்வளவு, வேறு கூடுதல் சேர்க்கை இருந்தால் அது எவ்வளவு என்று தனித்தனியாக ரூபாயில் அச்சிட உத்தரவிடுங்கள். அடுத்த வயதுப் படி எந்த வருஷம் வரும் என்பதும் அதில் இருக்க வேண்டும். பாலிசியை விடாமல் பிரீமியத்தைக் குறைக்க என்னென்ன வழி, ஒவ்வொன்றிலும் எவ்வளவு குறையும் என்பதும் அதே தாளில் வர வேண்டும். பாலிசி விவரச் சுருக்கத்தைக் கேட்பவர்களுக்கு அவரவர் மொழியில் கொடுக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறீர்கள். இந்த நோட்டீஸுக்கும் அதையே வையுங்கள்.

அந்த நோட்டீஸ் ரினியூவல் தேதிக்கு 75 நாள் முன்பாக வந்துசேர வேண்டும். அல்லது, நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து 30 நாள் வரை வேறு நிறுவனத்துக்கு மாற விண்ணப்பிக்கலாம் என்று கெடுவை மாற்றுங்கள்.

10 சதவீத வரம்பை 60 வயதுக்கு முந்தியவர்களுக்கும் கொண்டுவாருங்கள். எல்லாருக்கும் உடனே முடியாவிட்டால் 45 வயதிலிருந்தாவது. வயதுப் படி மாறுவதால் வரும் ஏற்றமும் அந்த வரம்புக்குள் அடங்க வேண்டும். மிச்சம் இருந்தால் அடுத்தடுத்த வருஷங்களில் பிரித்து ஏற்றட்டும்.

ஒவ்வொரு பாலிசிக்கும் கடந்த ஐந்து வருஷத்தில் வாங்கிய பிரீமியம், கொடுத்த கிளெய்ம், நிர்வாகச் செலவு மூன்றையும் அந்த நோட்டீஸின் பின்பக்கத்தில் போட வையுங்கள்.

கடைசியாக ஒன்று. ஒரே வருஷத்தில் 10 சதவீதத்துக்கு மேல் பிரீமியம் ஏறி, அதனால் கட்ட முடியாமல் போனவருக்குச் சலுகைக் காலத்தை 30 நாளிலிருந்து 150 நாளாக ஆக்குங்கள். அந்தக் காலத்துக்குள் கட்டினால் பழைய வருஷங்கள் அத்தனையும் அவர் கணக்கில் தொடர வேண்டும். என் தம்பிக்கு வலி வந்தது பாலிசி போன 97-ம் நாள்.

இப்படிக்கு,
ஒரு பாலிசிதாரர்,
கும்பகோணம்.